இரண்டு முறை முதலாம் ஆண்டைத் தாண்டியவன்

2022 ஜூன் 20, திங்கட்கிழமை. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் அன்று ஒரே நாளில் முடிவு வந்தது. பிளஸ் டூவில் தேர்ச்சி 93.76 சதவீதம். நூற்றுக்கு ஆறு பேர்தான் தேறவில்லை என்று தொலைக்காட்சியில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறில் ஒருவன் எங்கள் தெருப் பையன். மத்தியானம் சாப்பிட வரவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டான். சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள். தெருக்கோடியில் நிறுத்தியிருந்த அப்பாவின் லோடு ஆட்டோவில், மடித்துப் போட்ட தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறான்.

நான் வேறொரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அன்று இரவு அவன் அம்மா வந்தார். "ஊர் வாயை மூட முடியாது சார், அது தெரியும். இவன் வாயைத் திறக்க வைக்கணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றார். அன்றைக்குப் படிப்பைப் பற்றி எதுவும் பேச வேண்டாம், சாப்பிட வைத்துத் தூங்கவிடுங்கள், நாளை மறுநாள் பார்க்கலாம் என்று அனுப்பினேன். 104 எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். தேர்வு முடிவு வரும் நாட்களில் அந்த எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். வீட்டார் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டு அம்மாவின் பர்ஸில் ரொம்ப நாள் இருந்தது.

இதை எழுத அவனும் வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர், ஊர், படித்த இடங்கள் எதையும் சொல்லப்போவதில்லை. பெரிய வெற்றிக்கதை என்று எழுதவில்லை. நான் சொன்ன யோசனையில் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் போனது. அந்தத் தப்பான பாதிதான் மற்றவர்களுக்கு உபயோகப்படும் என்று தோன்றுகிறது.

44 என்பது 44 அல்ல

கணினி அறிவியல் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. தமிழ் 71, ஆங்கிலம் 48, இயற்பியல் 44, வேதியியல் 51, கணினி அறிவியல் 63. கணிதம் 26.

தேறாத பாடம் ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் அந்த 26-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண் இயற்பியலில் நின்றது. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் அவனுக்கு 18, அகமதிப்பீட்டில் முழுசாக 10. அப்படியானால் எழுத்துத் தேர்வில் எடுத்தது 70-க்கு 16. எழுத்துத் தேர்வில் 15 வாங்காவிட்டால் மொத்தம் என்ன வந்தாலும் தேர்ச்சி கிடையாது. ஆக, இயற்பியலில் அவன் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தப்பித்திருக்கிறான். பட்டியல் என்னவோ 44 என்று கௌரவமாகத்தான் காட்டுகிறது. கணிதத்துக்குச் செய்முறை இல்லாததால் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்தப் பத்தைக் கழித்தால் 90-க்கு 16. இரண்டு பாடத்திலும் தாளில் எழுதி வாங்கியது அதே பதினாறுதான்.

இந்தப் பதினாறுக்குக் காரணத்தை அவன் சோம்பலில் மட்டும் தேடினால் நியாயம் ஆகாது. அந்த ஆண்டு எழுதிய பிள்ளைகளின் கதையே வேறு. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கொரோனாவால் ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டு எல்லாரையும் தேர்ச்சி ஆக்கினார்கள். அடுத்து பிளஸ் ஒன். 2021 பிப்ரவரியில்தான் வகுப்பு திறந்தது, அந்த மாதமே எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது, மார்ச்சில் மறுபடி மூடினார்கள். பிளஸ் டூவுக்கு 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி பள்ளிக்குப் போனவன், 2022 மே மாதம் எழுதியதுதான் வாழ்க்கையிலேயே முதல் பொதுத்தேர்வு. பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தைக் கல்வித் தொலைக்காட்சியிலும் அப்பாவின் கைப்பேசியிலும் பார்த்திருக்கிறான். கைப்பேசி அப்பாவோடு லோடு அடிக்கப் போய்விடும். ராத்திரி திரும்பி வந்த பிறகுதான் வகுப்பு.

(2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. ஆனால் பொதுத்தேர்வு இல்லாத பதினொன்றாம் வகுப்பை எத்தனை பள்ளிகள் முழுசாக நடத்தும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.)

விடைத்தாள்

முதல் வேலையாக 275 ரூபாய் கட்டி விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கையில் இல்லை. 16-ஐ மறுமதிப்பீட்டில் 25 ஆக்க முடியாது. எங்கே விழுந்தான் என்று பார்க்க வேண்டியிருந்தது. நகல் வாங்கினால்தான் பிறகு மறுமதிப்பீடும் கேட்க முடியும், விண்ணப்பிக்க விடும் நாட்களும் சிலதான். துணைத் தேர்வுக்கான விண்ணப்பம் இன்னொரு பக்கம் ஓடும், அதற்குக் கடைசித் தேதி வேறு. துக்கம் விசாரிக்க வருகிறவர்களைச் சமாளிப்பதிலேயே பல வீடுகளில் இந்த இரண்டு தேதிகளும் போய்விடுகின்றன.

நகல் வந்ததும் என் வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். கணிதத் தாளில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள், பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் கேள்விகளில் ஏழேழு. ஒரு மதிப்பெண்ணில் 11 சரி. அதெல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்தை உருப்போட்டது. மீதி 70 மதிப்பெண்ணில் அவன் எடுத்தது ஐந்து. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் பரப்பைக் கண்டுபிடிக்கப் படம் அழகாக வரைந்திருந்தான். எல்லைகளைச் சரியாகக் குறித்திருந்தான். தொகையீட்டுக் (இன்டெகரேஷன்) குறி போட்டிருந்தான். அதற்கப்புறம் அரைப் பக்கம் வெள்ளை.

"இதுக்கு மேல ஏன் போகல?"

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது சார்."

"பிளஸ் ஒன்னுல இன்டெகரேஷன் படிச்சியா?"

"அந்தப் பாடம் வர்றப்ப ஸ்கூல் மூடிட்டாங்க சார்."

பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான் எல்லை, வகையீடு, தொகையீடு எல்லாம் இருக்கின்றன. பிளஸ் டூ புத்தகத்தின் பன்னிரண்டு பாடங்களில் நான்கைந்து அதன் மேல்தான் நிற்கின்றன. அஸ்திவாரம் போடாத வீட்டில் இரண்டாம் மாடிக்குப் படிக்கட்டு தேடியிருக்கிறான்.

துணைத் தேர்வுக்கு ஜூலை கடைசி வாரம் என்று தேதி வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வாரம். அதற்குள் நுண்கணிதத்தை, அதாவது இந்த வகையீடு, தொகையீட்டை, அடியிலிருந்து தொடங்கினால் ஒன்றும் நடக்காது. அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம். மெய்யட்டவணை போடத் தெரிந்தால் கடைசிப் பாடத்தில் மதிப்பெண் நிச்சயம். அதோடு எல்லாப் பாடத்தின் ஒரு மதிப்பெண் கேள்விகளும். தேர்ச்சிக்கு எழுத்தில் 25 போதும், மொத்தம் 35. அவன் எழுத்தில் 31 எடுத்தான். பழைய பத்தோடு சேர்த்து 41.

வீட்டில் கேசரி செய்தார்கள். நானும் சாப்பிட்டேன். நுண்கணிதத்தை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து சுற்றிக்கொண்டு போயிருக்கிறோம் என்பதை அந்த மகிழ்ச்சியில் நான் மறந்துவிட்டேன்.

மாமா கொடுத்த அட்வான்ஸ்

இந்த ஐந்து வாரத்தில் தாய்மாமன் சும்மா இருக்கவில்லை. நல்ல மனுஷன், தங்கை மகன் மேல் உயிர். அவர் காலத்து யோசனைகள் அவரிடம் இருந்தன. டிப்ளமோகூட வேண்டாம், ஏதாவது வேலையில் இருந்துகொண்டே ஏ.எம்.ஐ.இ. (பொறியாளர்கள் சங்கம் நடத்தும் தேர்வு) எழுதினால் பி.இ.க்குச் சமம் என்றார். ஒரு காலத்தில் அது உண்மை. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்தச் சமநிலை என்று மத்திய அரசு நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. இல்லையென்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் என்றார். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாட்டில் 2009-லேயே அரசாணை இருக்கிறது. பிளஸ் டூ தேறிய பிறகு அங்கே படித்தால் சிக்கல் இல்லை, ஒழுங்கான வழிதான். பிளஸ் டூவைத் தாண்டிக் குதிக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் பின்னால் மாட்டிக்கொள்வார்கள்.

இவையெல்லாம் வெறும் பேச்சு. ஆனால் மாமா எங்களிடம் சொல்லாமல் இன்னொன்றும் செய்திருந்தார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் 10,000 ரூபாய் அட்வான்ஸும், பையனின் பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழும், டி.சி.யும் கொடுத்துவிட்டார். "துணைத் தேர்வுல பாஸ் பண்ணட்டும், சீட்டு கன்ஃபார்ம்" என்று அந்த ஆள் சொன்னாராம்.

அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணிதம் 41, இயற்பியலில் பாதி 22, வேதியியலில் பாதி 25.5, ஆக 200-க்கு 88.5. மூன்று பாடச் சராசரி 45.33 சதவீதம். பொதுப் பிரிவுக்கே 45 இருந்தால் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. துணைத் தேர்வில் தேறியவர்களுக்கென்று அரசே துணைக் கலந்தாய்வு நடத்துகிறது. ஒரு பைசா யாருக்கும் கொடுக்காமல் அதிலேயே அவனுக்கு ஏதோ ஒரு கல்லூரியில் பி.இ. இடம் கிடைத்திருக்கும்.

பையன் தேறாமல் போனால் நம் ஊரில் எல்லாரும் "சீட்டு கிடைக்குமா?" என்றுதான் பதறுகிறார்கள். சீட்டு கிடைக்கும். பொறியியல் இடங்கள் வருஷா வருஷம் காலியாகக் கிடக்கின்றன. எழுத்துத் தேர்வில் பதினாறு வாங்கியவன் முதல் செமஸ்டரில் அணிகளையும் நுண்கணிதத்தையும் ஒரே தாளில் எழுதி ஐம்பது வாங்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி 35 அல்ல, 50. நான்கு வருஷம் கட்டணம் கட்டி, பதினைந்து அரியரோடு வெளியே வந்து, டிகிரி கையில் இல்லாமல் டெலிவரி வேலைக்குப் போன பழைய மாணவர்கள் எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் சீட்டு கிடைக்காமல் போகவில்லை.

சான்றிதழ்களைத் திரும்ப வாங்க மூன்று நடை. அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். இது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. விதியை அச்செடுத்துக்கொண்டு அப்பா போனார். அந்த ஆள், பணம் கல்லூரியில் கட்டப்படவே இல்லை, அதனால் விதி பொருந்தாது என்று வாதாடினார். அதுவும் ஒரு வகையில் சரிதான், ரசீதே இல்லையே. சான்றிதழ்கள் வந்தன. பணத்தில் 4,000 வந்தது. மாமா ரொம்ப நாள் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா

டிப்ளமோ என்று முடிவாயிற்று. அதிலும் இரண்டு வாசல்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து பாலிடெக்னிக் முதலாம் ஆண்டில் சேரலாம். அல்லது பிளஸ் டூ தேறியதால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதல் வாசலில் போனால் டிப்ளமோ 2025-இல் முடியும், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 2028. இரண்டாவது வாசலில் போனால் 2024, பிறகு 2027. அவனோடு படித்தவர்கள் பி.இ. முடிப்பது 2026.

அம்மாவுக்கு முதலாம் ஆண்டு என்பதே பிடிக்கவில்லை. "அப்போ பத்தாவது முடிச்ச சின்னப் பசங்களோட இவன் உக்காரணுமா சார்?" என்றார். அப்பா பேசவில்லை, விரல்விட்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் இரண்டாவது வாசலைத்தான் சொன்னேன். ஒரு வருஷம் மிச்சம், பிளஸ் டூ படித்ததும் வீண் போகாது என்று நன்றாகவே வாதாடினேன்.

சான்றிதழ் இழுபறியில் தாமதமாகி, வகுப்பு தொடங்கிய பிறகுதான் ஒரு அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பிரிவில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் இடம் இருந்தது. முதல் வாரம் ஓமின் விதியை ஆங்கிலத்தில் கேட்டு மிரண்டான். இரண்டாம் மாதம் ஆய்வகத்தில் ஒரு ஐ.டி.ஐ. பையன் அவனுக்குக் கூட்டாளி ஆனான். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இரண்டாம் ஆண்டில் நேரடி இடம் உண்டு. அந்தப் பையன் ஏற்கெனவே வயர்மேன் டிரேடு முடித்து, மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு இணைப்புக் கொடுக்கும்போது ஆறு ஒயர் முனைகளையும் பார்க்காமலே விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வானாம். இவன் அவனுக்கு எழுத்துத் தாளைச் சொல்லிக் கொடுத்தான். அவன் இவனை ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அழைத்துப் போனான்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து, எரிந்துபோன மோட்டாரின் காயிலை எப்படிப் பிரிப்பார்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று என்று எப்படி எண்ணிக் குறிப்பார்கள் என்று முக்கால் மணி நேரம் சொன்னான். லோடு ஆட்டோவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பையன் இவன்தானா என்று இருந்தது. 2024-இல் 78 சதவீதத்தோடு டிப்ளமோ முடித்தான்.

காரைக்குடி

டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் கலந்தாய்வை ஊரில் "காரைக்குடி கவுன்சிலிங்" என்பார்கள். அங்குள்ள அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நெடுங்காலம் நடந்ததால் அந்தப் பேர். இப்போது எல்லாம் ஆன்லைன், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரவரிசைக்கு டிப்ளமோ மதிப்பெண்தான். பிளஸ் டூவில் வாங்கிய 318-ஐ அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணிதம் ஒரு பாடமாகப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் இதே வழியில் வரலாம், ஆனால் அவர்கள் முதலாம் ஆண்டின் வரைபடத் தாளையும் எந்திரவியல் தாளையும் கூடுதலாக எழுத வேண்டும்.

88.5 கட்-ஆஃபில் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரிகளைவிட நல்ல கல்லூரி, அதே எலெக்ட்ரிகல் பிரிவு. அந்த ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் என்பதால் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வந்தது. பஸ் செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை என்பது அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்புறம் மூன்றாம் செமஸ்டர்.

பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்களுக்கு முதல் செமஸ்டரே மூன்றாவது. எலெக்ட்ரிகல் பிரிவில் அங்கே நிகழ்தகவும் கலப்பெண் சார்புகளும் சேர்ந்த ஒரு கணிதத் தாள் இருக்கிறது. பக்கத்திலேயே மின்காந்தப் புலம். "ஃபீல்ட்ஸ்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், சொல்லும்போதே முகம் சுருங்கும். இரண்டுக்கும் பகுதி வகையீடும் இரட்டைத் தொகையீடும் தெரிந்திருக்க வேண்டும். மற்ற மாணவர்கள் அதைப் பி.இ. முதலாம் ஆண்டில் படித்திருப்பார்கள். இவன் அந்த ஆண்டைத் தாண்டி வந்தவன். டிப்ளமோ முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் வகையீடு, தொகையீட்டை அங்கே ஆதியிலிருந்து படித்திருப்பார்கள். பாலிடெக்னிக்கில் பொறியியல் கணிதத் தாள்கள் முதலாம் ஆண்டில்தான் இருக்கின்றன. இவன் அதையும் தாண்டி வந்தவன். அதற்கும் முன்னால், பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதி வரும்போது பள்ளி மூடியிருந்தது. துணைத் தேர்விலோ நானே அந்தப் பாடங்களை விட்டுவிட்டுப் படிக்கச் சொன்னேன்.

ஆகமொத்தம், தொகையீடு என்ற ஒரு விஷயம் அவன் பக்கத்தில் நான்கு தடவை வந்து நான்கு தடவையும் அவனைத் தொடாமல் போயிருக்கிறது. அதில் இரண்டு தடவை என் யோசனையால்.

அண்ணா பல்கலைக்கழக முடிவில் மதிப்பெண் வராது, எழுத்துதான் வரும். 2025 தொடக்கத்தில் அவன் அனுப்பிய படத்தில் எந்திரங்கள் தாளுக்கு "ஏ". கணிதத்துக்கு "யு". ஃபீல்ட்ஸுக்கு "யு". ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த எழுத்து. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "சார், மறுபடி அதே இடம்."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பு வாசலில் போயிருந்தால் ஒரு வருஷம் கூடுதலாக ஆகியிருக்கும், ஆனால் அந்த வருஷத்தில்தான் அவனுக்கு வேண்டியது இருந்தது. விடைத்தாளில் அந்த அரைப் பக்க வெள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் வருஷக் கணக்கைத்தான் போட்டேன், பாடக் கணக்கைப் போடவில்லை. அவன் அப்பாவின் விரல் எண்ணிக்கைக்கும் என் யோசனைக்கும் வித்தியாசமே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் முதலாம் ஆண்டையே சொல்வேனா என்றால், மாட்டேன். கணிதத்தில் நன்றாக இருந்து, ஜுரத்தாலோ வீட்டுத் துயரத்தாலோ ஒரு பாடத்தில் விழுந்த பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டே சரி. எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் பேனா நின்றது என்று பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. நேரடியாக இரண்டாம் ஆண்டு என்றால், சேர்வதற்கு முந்தைய கோடையிலேயே தாண்டப்போகும் ஆண்டின் கணிதத்தை முடித்திருக்க வேண்டும். அதை இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய பிளஸ் ஒன் புத்தகம், இரண்டாம் தொகுதி, அவனிடம் கொடுத்தேன். பி.இ. படிக்கிறவன் கையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்பட்டு, விடுதியில் அதற்குப் பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தானாம். எல்லையிலிருந்து தொடங்கினோம். ஒரு வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டிக் கூட்டுவதுதான் தொகையீடு என்று படம் போட்டதும், "காயில்ல சுத்து எண்ற மாதிரி சார், ஒவ்வொண்ணா எண்ணாம மொத்தமா எண்றது" என்றான். முழுக்கச் சரியில்லை, ஆனால் நான் திருத்தவில்லை. அந்தப் பிடி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. நான்கு மாதத்தில் வகையீடும் தொகையீடும் முடிந்தன. 2025 ஏப்ரல்-மே தேர்வில் கணித அரியர் போயிற்று. ஃபீல்ட்ஸ் அப்போதும் நின்றது. நவம்பரில் மறுபடி எழுதினான்.

இதை எழுதும்போது அவன் ஆறாம் செமஸ்டரில் இருக்கிறான். 2027-இல் முடிக்க வேண்டும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, பட்டம் என எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்பது வழக்கம். "அல்லது" என்ற சொல் இருக்கும் படிவத்தில் அவனுடைய 78 காப்பாற்றும். பிளஸ் டூ எழுதியவர்கள் இரண்டையும் நிரப்ப வேண்டும் என்று கேட்கும் படிவத்தில் அந்த 53 சதவீதம் எட்டிப் பார்க்கும். நடப்பில் அரியர் இருக்கக் கூடாது என்பதையும் பலர் கேட்பார்கள். இதில் எத்தனை கதவு திறக்கும் என்று இப்போது சொல்வதற்கில்லை. ஐ.டி.ஐ. நண்பன் டிப்ளமோவோடு நின்று சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டான். இவனுக்கு முன்னால் சம்பாதிக்கத் தொடங்கியவன் அவன்தான்.

ஃபீல்ட்ஸ் முடிவு இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்தது. இந்த முறை படம் அனுப்பவில்லை, ஒற்றை எழுத்து மட்டும்: "சி". ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள். தேர்ச்சிக்குக் கடைசி எழுத்து அதுதான்.

அந்த இரண்டாம் தொகுதியைத் திருப்பிக் கேட்டேன். தன்னிடம் இல்லை என்றான். அவனைப் போலவே டிப்ளமோ இரண்டாம் ஆண்டு வழியாக வந்த ஜூனியர் ஒருவன் வாங்கிக்கொண்டு போனானாம், அவனிடமிருந்து இன்னொருவன். பழுப்பு அட்டை கிழிந்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்களாம்.